ஏழாம் ரேக்கின் ஈரத்துணி

அத்தியாயம் 5

மணி ஒன்று நாற்பது. நான்கு மணிக்குக் கூட்டம். அதில் ஐந்து பேர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் ஒரு பெண்ணுக்கு வேலை போய்விடும். வேலை மட்டும் போனால் கூடப் பரவாயில்லை. திருடி என்ற பெயரையும் கையோடு கொடுத்து அனுப்புவார்கள்.

"உட்காருங்க அண்ணி. நீங்க நடக்கிற நடையில தரை தேஞ்சிடப் போகுது," என்றான் ஒட்டடை.

வக்கீல் உட்காரவில்லை. அவள் சட்டம் படித்தவள் அல்ல. குறுக்குக் கேள்வி கேட்டே அந்தப் பெயரை வாங்கியவள். காணாமல் போன நகை, ஓடிப்போன மாப்பிள்ளை, பொய்யான விபத்து, இவைதான் அவள் இதுவரை பார்த்த வழக்குகள். ஒட்டடை அவள் கணவனின் தம்பி. ஆறடி இரண்டங்குல உயரம், அதற்கேற்ற சதை கிடையாது. அவளுக்குக் கார் ஓட்டுவதும் வாய் ஓயாமல் பேசுவதும் அவன் வேலை.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவளை அந்தப் பல்கலைக்கழகக் கணினி மையத்தில் எல்லோரும் வரிசைக்காரி என்றார்கள். அவள் பார்த்த வேலை அப்படி. ஒரு பல்கலைக்கழகம், ஒரு மருத்துவமனை, ஒரு துறைமுகம், வானிலை நிலையம், மண் ஆய்வுக்கூடம் என்று ஐந்து நிறுவனங்கள். ஐந்திலும் ஆளுக்கொரு கணினி அறை. தனியாக யாருக்கும் போதவில்லை என்பதால் எல்லாவற்றையும் பொதுவில் வைத்துக் கூட்டமைப்பு என்று பெயர் கொடுத்தார்கள். மொத்தம் அறுநூற்று நாற்பது மெஷின். யார் கணக்குக் கொடுத்தாலும் அது ஒரு பொது வரிசையில் நிற்கும். எங்கே மெஷின் காலியோ அங்கே ஓடும். ஓடுகிற ஒவ்வொரு கணக்கையும் ஜாப் என்றார்கள். வரிசையைக் கவனிப்பது இவள்.

இப்போது அவள்மீது புகார். பல்கலைக்கழக மெஷின்களில் தொண்ணூற்றாறில் ஒன்பது வாரமாக அவள் பெயரில் ஜாப் ஓடுகிறது. மற்றவர்கள் வரிசையில் காய்கிறார்கள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் வக்கீல்.

"எத்தனை தடவை மேடம் சொல்றது? நான் போடல."

"அது கேட்டாச்சு. போட்டவங்க ஏன் உங்க பேர்ல போடணும்?"

வரிசைக்காரி சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டினாள். பலகை என்று அதற்குப் பெயர். அறுநூற்று நாற்பது புள்ளிகள். வேலையில் இருக்கும் மெஷின் பச்சை, சும்மா இருப்பது சாம்பல்.

"மத்தவங்களுக்கெல்லாம் மாசத்துக்கு இத்தனை மணி நேரம்னு வரம்பு இருக்கு. தாண்டினா ஜாப் தானா நின்னுடும். என் பேருக்கு மட்டும் வரம்பு கிடையாது. சோதனை பண்றதுக்காகக் குடுத்தாங்க."

"ஆக, நிக்காம ஓடணும்னா உங்க பேர்தான் வேணும்."

"இதையேதான் கூட்டமைப்புத் தலைவரும் சொல்றார். என்னைக் கைகாட்டிச் சொல்றார்."

"வீட்டுல தெரியுமா?"

"என் நாத்தனார் துறைமுகத்து கம்ப்யூட்டர் ரூம்லதான் வேலை பார்க்கிறா. நான் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நியூஸ் போய்ச் சேர்ந்துடுச்சு." அவள் மேஜை ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். "இந்தத் தொழில்ல இருக்கிறவங்க மொத்தமே இவ்வளவுதான் மேடம். திருடின்னு ஒரு தடவை சொல்லிட்டா எந்த மெஷின் ரூம்லயும் என்னைப் படி ஏற விட மாட்டாங்க. வேற எந்த வேலையும் எனக்குத் தெரியாது."

"அந்த மெஷின்களை நீங்க கண்ணால பார்த்திருக்கீங்களா?"

வரிசைக்காரி தலையசைத்தாள். "இல்ல. அந்தந்த ரூம் அந்தந்த நிறுவனத்துக்குச் சொந்தம். நான் உள்ளே போக முடியாது. பதினோரு வருஷமா இந்தப் பலகையைத்தான் பார்க்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணிக்கை உண்டு. அதுகூட அவங்களே எண்ணி அனுப்புவாங்க. இந்தத் தடவைதான் முதல் முறையா நானே நேர்ல போய் எண்ணணும்னு மூணு மாசம் முன்னாடி தீர்மானம் போட்டாங்க. வர்ற திங்கட்கிழமை எண்ணிக்கை."

"எண்ணப் போற நேரத்துலயா புகார்? கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பொண்ணு ஓடற மாதிரி இருக்கே," என்றான் ஒட்டடை.

வக்கீல் அவனை முறைத்தாள். ஆனால் நடப்பதை நிறுத்தியிருந்தாள்.

*

தலைவர் கீழ்த்தளத்தில் காத்திருந்தார். பல்கலைக்கழகக் கணினி மையத்துக்கும் கூட்டமைப்புக்கும் அவர்தான் தலைவர். வக்கீலைப் போன் போட்டு வரவழைத்தவரும் அவர்தான். வெளியாள் ஒருவர் விசாரிக்க வேண்டும் என்று மற்ற நான்கு பேரும் பிடிவாதம் பிடித்ததில் அழைத்தார்.

"அஞ்சு நிமிஷம் போதுமாம்மா? எல்லாம் ஒரே மாதிரி பெட்டிங்கதான். உங்களுக்குப் பார்த்தாலும் ஒண்ணும் புரியாது," என்று அட்டையைத் தேய்த்துக் கதவைத் திறந்தார்.

இரைச்சல் முகத்தில் அறைந்தது. ஆளுயர இரும்பு ரேக்குகள் பத்து. ஒவ்வொன்றிலும் இருபத்து நான்கு மெஷின். ஒவ்வொரு ரேக்கின் முதுகிலிருந்தும் அனல். ஒட்டடை சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு முன்னே நடந்தான். ஆறாவது ரேக்கைத் தாண்டியதும் திரும்பக் காலரை மூடினான்.

"அண்ணி, இந்தப் பக்கம் ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு."

"ஏ.சி. காத்து நேரா விழுற இடம்," என்றார் தலைவர்.

ஏழு முதல் பத்து வரை நான்கு ரேக்குகளும் பூட்டியிருந்தன. கறுப்புக் கண்ணாடிக் கதவுக்குள் மேல்பட்டையில் மட்டும் விளக்குகள் கண்சிமிட்டின. வக்கீல் அண்ணாந்து பார்த்தாள். கூரைப் பலகைகள் எல்லாம் பழுப்பேறியிருக்க, ஏழாம் ரேக்குக்கு மேலே நான்கு மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன.

"திறக்கலாமா?"

"ஜாப் ஓடிக்கிட்டிருக்கிற ரேக்கைத் திறக்கக் கூடாது. கூட்டமைப்பு விதி. நானே எழுதினது." அவருடைய போன் அடித்தது. இரைச்சலில் கேட்காமல் வெளியே போனார்.

மூன்றாம் ரேக்குக்குப் பின்னால் யாரோ துணி உதறும் சத்தம். தரை துடைக்கும் அம்மா, ஈரத் துணிகளை ரேக்கின் முதுகில் வரிசையாக மாட்டிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் அவசரமாக உருவினாள்.

"மாட்டுங்கம்மா, நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்," என்றாள் வக்கீல். "நல்லா காயுமா?"

"பத்து நிமிஷத்துல மொறுமொறுன்னு ஆயிடும்."

"அப்பளம் சுடலாம் போல," என்றான் ஒட்டடை.

"ஏன் கதவுக்குப் பக்கத்துல மாட்டறீங்க? அந்தக் கோடியில மாட்டினா யார் கண்ணுலயும் படாதே."

"ஏழாம் நம்பர்லதான் மாட்டிக்கிட்டிருந்தேன். ரெண்டு மாசமா அங்க காய மாட்டேங்குது. சாயங்காலம் மாட்டினா காலையில அப்படியே சொதசொதன்னு கிடக்கு. நாத்தம் வேற." அவள் வாளியைத் தூக்கினாள். "இந்த இடமே சரியில்ல. செவ்வாக்கிழமை லிஃப்ட்ல வாளியோட நாப்பது நிமிஷம் மாட்டிக்கிட்டேன். கத்திக் கத்தித் தொண்டை போச்சு. ஒரு நாதி வரல."

வக்கீல் அவளிடம் ஒரு துணியைக் கேட்டு வாங்கினாள். ஏழாம் ரேக்கின் முதுகில் அதை மாட்டினாள்.

"அண்ணி, நீங்க துப்பறிய வந்தீங்களா, துணி காய வைக்க வந்தீங்களா?"

"மணி பார்த்து வச்சுக்கோ."

*

"மெஷின் வேலை செஞ்சா சூடாகும். சரிதானே?" மாடியேறிய மூச்சிரைப்போடு கேட்டாள் வக்கீல்.

"ஆமா," என்றாள் வரிசைக்காரி.

"சூடே இல்லாம பலகையில மட்டும் பச்சை காட்டுமா?"

"காட்டும். ஒண்ணும் செய்யாத ஜாப்னு ஒண்ணு இருக்கு. உள்ள போய்த் தூங்கும், அவ்வளவுதான். இடம் பிடிச்சு வைக்கிறதுக்காகப் போடுவாங்க."

"பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போடற மாதிரி," என்றான் ஒட்டடை.

"அதேதான். நாளைக்குப் பெரிய கணக்கு வருதுன்னா இன்னிக்கே துண்டு போட்டுடுவாங்க. அஞ்சு நிறுவனத்துலயும் செய்யறாங்க."

"நீங்க?"

வரிசைக்காரி பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மண் ஆய்வுக்கூடத்துல ஒரு அண்ணன் இருக்கார். மூணு மாசமா வரிசையில பின்னாடியே நின்னார். அவருக்காக நாலு மெஷின்ல போட்டிருக்கேன். ரெண்டு தடவை. துறைமுகத்து மெஷின்ல, இங்க இல்ல."

"கேட்டீங்களாம்மா?" வாசலில் தலைவர் நின்றிருந்தார். "அவங்க வாயாலேயே வந்துடுச்சு. நாலுக்குப் போட்ட கை தொண்ணூத்தாறுக்குப் போடாதா? நாலு மணிக்கு இதையே அப்படியே சொல்லிடுங்க, போதும்." போய்விட்டார்.

மணி மூன்று ஐந்து.

"நல்லா விசாரிச்சோம் அண்ணி," என்றான் ஒட்டடை. "கழுத்துல சுருக்கு இருந்துச்சு, நாம வந்து இறுக்கி விட்டுட்டோம்."

வக்கீல் மறுபடி நடக்க ஆரம்பித்தாள். ஜன்னல் வரைக்கும் போவாள், கதவு வரைக்கும் வருவாள். துணி காயவில்லை, அதனால் மெஷின் தூங்குகிறது என்பது சரிதான். ஆனால் ஒன்பது வாரம் துண்டு போட்டுவிட்டு உட்காராமலே போகிற ஆள் யார்? இடம் பிடிப்பவன் ஒருநாள் உட்கார வரவேண்டாமா?

கதவருகில் நின்றாள்.

"லிஃப்ட் ஏன் நின்னுச்சு?"

"என்னது?"

"செவ்வாக்கிழமை. அந்த அம்மா நாப்பது நிமிஷம் மாட்டிக்கிட்டாங்களே."

"கரண்ட் போச்சு," என்றாள் வரிசைக்காரி. "இந்தக் கட்டடம் முழுக்க. யூ.பி.எஸ். பேட்டரியை ரிப்பேருக்கு அனுப்பியிருந்தாங்க. பதினொண்ணு பத்துக்குப் போச்சு. இங்க ஓடிக்கிட்டிருந்த ஜாப் எல்லாம் செத்துப் போச்சு. அன்னிக்குப் பூரா எல்லார்கிட்டயும் நான்தான் வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"எல்லாம்னா எத்தனை?"

"பதிவேட்டுல இருக்கும். அது வெளி சர்வர்ல ஓடுது, இங்க கரண்ட் போனாலும் நிக்காது." அவள் விசைப்பலகையைத் தட்டினாள். படித்தாள். மறுபடி மேலே போய்ப் படித்தாள். "நூத்து நாப்பத்து நாலு."

"இங்க மொத்தம் எத்தனை மெஷின்?"

"இருநூத்து நாப்பது."

ஒட்டடை விரல் விட்டுக் கணக்குப் போட்டான். அன்று அவன் வாய் மூடியிருந்தது அந்த ஒரு நேரம்தான்.

"தம்பி," என்றாள் வக்கீல், "போய் அந்தத் துணியை எடுத்துட்டு வா. பிழியாம கொண்டு வா."

*

நான்கு மணி. தலைவர் மேஜையின் தலைப்பில். சுவர்த் திரையில் நான்கு கட்டங்கள், நான்கு முகங்கள். மருத்துவமனை, துறைமுகம், வானிலை, மண். ஓரத்தில் பலகையும் ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் அந்தத் தாள். தலைவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

ஒட்டடை உள்ளே வந்து, தாளுக்குப் பக்கத்தில் ஈரத் துணியைப் பொத்தென்று போட்டான். தண்ணீர் பரவியது.

"என்னது இது?" தலைவர் தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஏழாம் ரேக்கோட முதுகுல ஒரு மணி நேரத்துக்கு மேல தொங்கின துணி," என்றான் ஒட்டடை. "மூணாம் ரேக்கா இருந்தா கருகியிருக்கும்."

"அந்த மெஷின்லாம் தூங்குற ஜாப்தாம்மா ஓடுது. அதான் சூடு இல்ல. அதுதானே புகாரே?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன் சார்," என்றாள் வக்கீல். "செவ்வாக்கிழமை பதினொண்ணு பத்துக்கு இங்க கரண்ட் போச்சு. பேட்டரியும் இல்ல. நூத்து நாப்பத்து நாலு ஜாப் அந்த நொடியே செத்துச்சு. மிச்சம் தொண்ணூத்தாறு சாகல. நாப்பது நிமிஷமும் ஓடுதுன்னே பதிவேட்டுல இருக்கு. தூங்குற ஜாப்னாலும் கரண்ட் போனா சாகணுமே. ஏன் சாகல?"

"தனி பேட்டரி ஏதாவது இருந்திருக்கும்," என்றது வானிலைக் கட்டம்.

"லிஃப்டுக்குள்ள ஒரு மனுஷி கத்திக்கிட்டிருந்தாங்க சார். அவங்களுக்கே பேட்டரி இல்ல," என்றான் ஒட்டடை.

வக்கீல் தலைவரை மட்டும் பார்த்தாள். "ஏற்கனவே செத்தது மறுபடி எப்படிச் சாகும்? நாங்க மத்தியானம் பூரா யார் துண்டு போட்டதுன்னு தேடினோம். துண்டுக்குக் கீழ சீட்டே இல்ல. ஏழாம் ரேக்குக்கு மேல நாலு கூரைப் பலகை புதுசு. ஏ.சி. தண்ணி எத்தனை நாள் சார் ஒழுகுச்சு?"

துணியிலிருந்து ஒரு சொட்டு மேஜை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது.

தலைவர் பேனாவை மூடினார்.

"ஒரு சனி ஞாயிறு," என்றார். "லீவுக்குப் போயிருந்தேன். குழாய் ஒழுகுதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, வந்து பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். திங்கட்கிழமை வந்தா நாலு ரேக்கும் குளம். ஒண்ணுகூடத் தேறல." குரலில் அழுகையும் இல்லை, வெட்கமும் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. "தலைமை நிறுவனத்துக்கு மெஷின் இருநூறுக்குக் குறைஞ்சா தலைமை மாறும்ங்கிறது விதி."

"அதையும் நீங்கதான் எழுதினீங்களா?" என்றான் ஒட்டடை.

"ஆமா."

"ஆனா என்னோட சாவி இல்லாம என் பேர்ல எப்படி..." வரிசைக்காரி எழுந்துவிட்டாள். பிறகு அவளே பதிலைக் கண்டுபிடித்தாள். "சாவியே வேண்டாம். ஜாப் போடவே இல்ல. 'என் மெஷின்ல இன்னார் ஜாப் ஓடுது'ன்னு நீங்க உங்க ரூம்லேருந்து பலகைக்குச் சொன்னா போதும். பலகை யார் என்ன சொன்னாலும் அப்படியே காட்டும். சரிபார்க்காது. ஒருத்தர் சொல்றதை மத்த நாலு பேரும் நம்பணும்ங்கிறதுதானே கூட்டமைப்பு."

"என் மேஜையில ஒரு லேப்டாப் இருக்கு. அதுதான் சொல்லிக்கிட்டிருந்தது," என்றார் தலைவர். "அன்னிக்குக் கரண்ட் போனப்ப அதையும் நிறுத்தியிருக்கணும். அதுல பேட்டரியும் சொந்த நெட்டும் இருந்துச்சு. நான் மறந்துட்டேன்."

"என் பேர் எதுக்கு?"

"உன் பேருக்குத்தான் வரம்பு இல்ல. அப்ப உன்னைப் பத்தி யோசிக்கல. ஓடுற ரேக்கைத் திறக்கக் கூடாது, அதனால எண்ண வர்றவங்க வெளியே நின்னு எண்ணிட்டுப் போயிடுவாங்க, அவ்வளவுதான் யோசிச்சேன். அப்புறம் புகார் வந்துச்சு. யாராவது ஒருத்தர் மாட்டணும்."

வக்கீல் தன் பையை எடுத்தாள். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். கேட்டாள். "இந்த ஊர்ல கம்ப்யூட்டர் தெரிஞ்ச துப்பறிவாளர் நாலு பேர் இருக்காங்க. கம்ப்யூட்டர் தெரியாத என்னை ஏன் கூப்பிட்டீங்க?"

தலைவர் ஈரத் துணியைத் தள்ளி வைத்தார்.

"சரி விடுங்க. துணி காயறதும் காயாததும் எனக்கு நல்லாவே தெரியும்."

தலைவர் எழுந்து தன் அறைக்குப் போனார். ஒரு நிமிடத்தில் பலகையின் கீழ் வரிசையில் பச்சைகள் அணைந்தன. மேலே இருந்த மொத்த மெஷின் எண் அறுநூற்று நாற்பதிலிருந்து ஐநூற்று நாற்பத்து நான்குக்கு இறங்கியது.

"முடிஞ்சுது. வாங்க அண்ணி, பசிக்குது," என்றான் ஒட்டடை.

"இரு," என்றாள் வக்கீல்.

பலகையில் எண் ஐநூற்று முப்பத்தொன்று.

"நீங்க ஏதாவது தொட்டீங்களா?"

"இல்லையே," என்றாள் வரிசைக்காரி. கைகளைத் தூக்கிக் காட்டினாள்.

ஐநூற்று ஒன்பது. திரையில் துறைமுகக்காரர் குனிந்து எதையோ வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார். மருத்துவமனைக் கட்டம் திடீரென்று இருண்டது, கேமராவை அணைத்துவிட்டார்கள். நானூற்று எண்பது. வானிலைக்காரர் பக்கத்தில் யாரிடமோ கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார். நானூற்று அறுபத்திரண்டு. மண் ஆய்வுக்கூடத்து ஆள் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் மெதுவாகக் கையை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினார்.

நானூற்று ஐம்பத்தெட்டு. அங்கே நின்றது.

"எல்லாருமே இல்லாத மெஷினைக் காட்டியிருக்காங்க. பதினோரு வருஷம்," என்றாள் வரிசைக்காரி, யாரிடமும் இல்லாமல். "காலையில வந்ததும் இதைத்தான் முதல்ல பார்ப்பேன்." பலகையின் மூலையில் காத்திருப்பு நேரம் ஆறு நாளிலிருந்து ஒன்பது நாளுக்குப் போயிருந்தது. "நாளைக்கு எல்லாரும் எனக்குத்தான் போன் பண்ணித் திட்டுவாங்க."

"வேலையில இருந்தாதானே திட்டுவாங்க," என்றாள் வக்கீல்.

திரையில் நான்கு கட்டங்களும் ஒவ்வொன்றாக மூடின. கையெழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வரிசைக்காரி அந்தத் தாளை எடுத்தாள். ஓரம் நனைந்திருந்தது. திருப்பிப் போட்டு, தலைவர் விட்டுப்போன பேனாவால் பின்பக்கம் எழுதினாள். பல்கலைக்கழகம், நூற்று நாற்பத்து நான்கு. அதன் கீழே மற்ற நான்கு பெயர்களை எழுதி, எதிரே இடம் விட்டாள்.

"திங்கட்கிழமை வரைக்கும் விட்டா இன்னும் எதையாவது மறைச்சிடுவாங்க," என்றாள். "துறைமுகம் ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கும். உங்க கார்ல இடம் இருக்கா?"

"இருக்கு," என்றான் ஒட்டடை. "இப்பவே போய் துண்டு போட்டு வைக்கவா?"

அவள் சிரிக்கவில்லை. தாளை மடித்துக்கொண்டு பாதிப் படி இறங்கியிருந்தாள். லிஃப்டை அவள் நம்பவில்லை.